நடுவில் நிற்கும் நேரம்

முதல் வரைவின் தலைப்பு:
"மொழி, அதிகாரம், உடல்நலம்: ஓர் உலகளாவிய ஆய்வு."
கெண்ட் நகரத்துச் சலவைக்கடையில்
ஆறாம் எண் இயந்திரம் ரமிஸின் வேலைச்சட்டைகளைச்
சுழற்றிக்கொண்டிருந்தபோது
மடிக்கணினியில் தட்டியது.
உலகம் முழுக்க அதில் இருந்தது.
ஒரு நோயாளிகூட இல்லை.

வவுட்டர் வாங்கிப் படித்தான்.
புள்ளியியல் முடித்துவிட்டு
ட்ராம்களுக்குக் கால அட்டவணை போடுகிறவன்.
"இதைச் செய்து முடிக்க
எத்தனை ஆயுள் உதவித்தொகை தருவார்கள்?" என்றான்.
போர்வையை உதறி மடித்தபடி
இன்னொன்றும் கேட்டான்:
"எதை எண்ணப்போகிறாய்?"

கோபம் வந்தது.
ஒன்பது வருடம்
பல்கேரியத் துருக்கியரின் வலியை
டச்சு மொழிக்குக் கடத்தியவள் நான்.
எண்ண என்ன இருக்கிறது?
வாய் இரண்டு, மொழி இரண்டு,
நடுவில் நான்.

நடுவில்.

வீடு வரை அந்தச் சொல் காலில் இடறியது.

மருத்துவர் சொல்லி முடித்துவிட்டார்.
நான் இன்னும் தொடங்கவில்லை.
மாத்திரை பற்றிய சேதி என்றால்
ஒரு மாத்திரை நேரம், கண்ணிமைப்பு.
அறுவைத் தேதி என்றால் சற்றுக் கூட.
"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்றால்
எவ்வளவு?

மூன்று வாரம் நூலகத்தில் தேடினேன்.
தப்பாகப் பெயர்த்த சொற்களுக்கு
அலமாரி அலமாரியாக இருக்கிறது.
சொல்லாமல் நின்ற நேரத்துக்கு
ஒரே ஓர் அடிக்குறிப்பு,
அதுவும் "மேலும் ஆராயத்தக்கது" என்று.
அந்த அடிக்குறிப்புக்குள் குடியேறினேன்.

பிறகு வெட்டு.
உலகளாவிய போயிற்று.
அதிகாரம் போயிற்று, அரைமனதாக.
மிஞ்சியவை இரண்டு மருத்துவமனை,
நாற்பது உரையாடல்,
சம்மதம் தந்த குரல்கள் மட்டும்.
முதலாண்டு பதிவு, அடுத்த இரண்டு அளவை,
நான்காமாண்டு எழுத்து.
"நாலாம் வருஷம் பையன் பள்ளிக்கூடம் போவான்"
என்று ரமிஸ் எட்டிப் பார்த்தான்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

உன் ஊகம் பொய்த்தால் எப்படித் தெரியும்?
இது படிவத்தின் கேள்வி.
நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும்
இடைவெளி ஒன்றே என்றால்
நான் சொன்னது தவறு என்று எழுதினேன்.
எப்படித் தோற்பேன் என்று தெரிந்ததும்
ஏனோ
முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

கடைசிப் பகுதி, ஆய்வின் வரம்புகள்.
மாதிரி சிறியது என்றேன்.
ஒலிப்பதிவில் இரைச்சல் இருக்கலாம் என்றேன்.
எழுதாமல் விட்டது
ஒரு பிப்ரவரி, நான்காம் மாடி,
நெர்மின் என்கிற தையல்காரி.
"வாரங்கள்" என்றார் மருத்துவர்.
நின்றேன்.
"கொஞ்ச காலம்" என்றேன்.
"ஜூனில் மகள் கல்யாணம். அதுவரைக்குமா?"
அவள் கேட்டதை மட்டும்
இடைவெளியே இல்லாமல்
டச்சில் சொல்லிவிட்டேன்.
மருத்துவர் அவளைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

வவுட்டருக்குத் தெரியாது. ரமிஸுக்கும்.

இரவு பதினொன்று நாற்பது.
இருபது நிமிடம் பாக்கி,
சொல்வரம்பில் இருபத்தைந்து சொல் பாக்கி.
"ஆய்வாளரும் இந்த இடைவெளியில் நின்றவர்.
ஒருமுறை சொல்லை மாற்றியவர்.
எனவே அவருடைய உரையாடல்களும் அளக்கப்படும்;
அளப்பவர் வேறொருவர்."

மாதிரி சிறியது என்பதற்கு மேலே
அதை நகர்த்தி வைத்தேன்.
அனுப்பினேன்.

காலை எட்டரைக்கு மருத்துவமனை அழைத்தது.
புது மருத்துவர், கழுத்தில் அட்டை திரும்பிக் கிடந்தது.
ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.
கட்டிலில் இருந்தவரும் பார்த்தார்.
கீழே ட்ராம் ஒன்று வந்து நின்று
ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது.

எண்ண மறந்துவிட்டேன்.